கதையை முடிப்பது யார்?

2007 மே மாதம் ஏபிசி நெட்வொர்க் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. ‘லாஸ்ட்’ தொடர் இன்னும் மூன்று சீசன் ஓடும், சீசனுக்கு 16 வீதம் 48 எபிசோடு வரும், 2010இல் கதை முடிந்துவிடும். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் ஒரு தொடருக்கு மூன்றாண்டு முன்னதாகவே முடிவுநாள் குறிப்பது அமெரிக்க நெட்வொர்க் தொலைக்காட்சியில் அநேகமாக அதுவரை நடவாத காரியம். தொடரை நடத்திய டேமன் லிண்டலாஃபும் கார்ல்டன் க்யூசும் அந்தத் தேதிக்காக நெடுநாள் போராடியிருந்தார்கள். எத்தனை ஆண்டு ஓட்ட வேண்டும் என்று தெரியாமல் எழுதிய மூன்றாம் சீசனின் தொடக்கத்தில் முக்கியப் பாத்திரங்கள் வாரக்கணக்கில் கூண்டுக்குள் அடைபட்டுக் கிடந்தன. நாயகன் ஜாக் தன் கையில் பச்சை குத்திக்கொண்ட கதைக்கே ஒரு முழு எபிசோடு செலவானது. முடிவு தெரியாமல் எழுதினால் இப்படித்தான் ஆகும் என்று நெட்வொர்க்கிடம் வாதாட அந்த எபிசோடே அவர்களுக்குச் சாட்சியாக உதவியது.

அதற்கு அடுத்த மாதம், ஜூன் 10 அன்று, எச்பிஓவின் ‘தி சொப்ரானோஸ்’ முடிந்தது. ஓர் உணவகத்தில் குடும்பம் கூடுகிறது, கதவு திறக்கிறது, திரை சட்டென்று கறுத்துப் போகிறது. கேபிள் இணைப்புதான் அறுந்துவிட்டது என்று எண்ணியவர்கள் ஏராளம். தொடரைப் படைத்த டேவிட் சேஸ் தன் கதையைத் தான் நினைத்த இடத்தில், தான் நினைத்த விதத்தில் நிறுத்தினார். ஜூலை 19 அன்று, பழைய திரைப்படங்களைக் காட்டிவந்த ஏஎம்சி என்ற கேபிள் சேனலில் ‘மேட் மென்’ தொடங்கியது.

நெட்வொர்க் தொடருக்கும் கேபிள் தொடருக்கும் என்ன வேறுபாடு என்று கேட்டால், கேபிளில் வசை பேசலாம், நிர்வாணம் காட்டலாம், ரத்தம் தெறிக்கலாம் என்ற பதில் உடனே வரும். அந்தப் பதில் எனக்குப் போதவில்லை. இந்தத் தொடர்களைப் பல ஆண்டுகளாகப் பார்த்தும் அவற்றைப் பற்றிப் படித்தும் வந்ததில், கதை முடியும் நாளை யார் தீர்மானிக்கிறார்கள், அது முடிந்தால் யாருக்கு நட்டம் என்ற கேள்வியிலிருந்து தொடங்கினால்தான் மற்ற வேறுபாடுகள் எல்லாம் புரிகின்றன என்று தோன்றுகிறது.

நம் ஊரில் கேபிள் என்றால் வீட்டுக்கு வரும் ஒயர். எல்லாச் சேனலும் அதில்தான் வரும். அமெரிக்காவில் அந்தச் சொல் ஒரு வகைச் சேனல்களையும் குறிக்கிறது. ஏபிசி, சிபிஎஸ், என்பிசி, 1986இல் வந்து சேர்ந்த ஃபாக்ஸ் ஆகியவை நெட்வொர்க்குகள். உள்ளூர் நிலையங்கள் வழியாக இவற்றின் நிகழ்ச்சிகள் வானலையில் போகின்றன. ஆன்டெனா வைத்தவர் எவரும் காசில்லாமல் பார்க்கலாம். பெருவருமானம் விளம்பரத்திலிருந்து. கேபிள் சேனல்களில் இரு வகை உண்டு. எச்பிஓவுக்குத் தனியாகச் சந்தா கட்ட வேண்டும், விளம்பரம் வராது. ஏஎம்சி, எஃப்எக்ஸ், டிஎன்டி போன்றவை அடிப்படைத் தொகுப்பிலேயே வருபவை. அவற்றுக்கு விளம்பரப் பணமும் உண்டு. சந்தாதாரர் ஒருவருக்கு மாதம் இவ்வளவு என்று கேபிள் நிறுவனங்கள் தரும் கட்டணமும் உண்டு.

நெட்வொர்க் தொடரின் வரவு செலவைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஒரு ஸ்டூடியோ தொடரைத் தயாரிக்கிறது. நெட்வொர்க் அதை ஒளிபரப்பும் உரிமைக்கு எபிசோடு ஒன்றுக்கு ஒரு தொகை தருகிறது. அந்தத் தொகை பெரும்பாலும் தயாரிப்புச் செலவுக்கு எட்டாது. ஸ்டூடியோ தெரிந்தே நட்டத்தில் தொடங்குகிறது. போட்ட பணம் திரும்புவது பிற்பாடு, உள்ளூர் நிலையங்களும் கேபிள் சேனல்களும் பழைய எபிசோடுகளை வாங்கித் தினமும் மறு ஒளிபரப்புச் செய்யும்போது. தினம் ஒன்று போட்டாலும் பல மாதம் தாங்கும் அளவுக்குக் கையிருப்பு வேண்டுமே, அதனால் ஏறக்குறைய நூறு எபிசோடு சேர்ந்தால்தான் சரக்குக்கு நல்ல விலை. ஆண்டுக்கு 22 என்று வைத்தால் நாலைந்து ஆண்டு ஆகும். அதற்குள் நின்றுபோனால் ஸ்டூடியோவுக்கு நட்டம். அதைத் தாண்டி நன்றாக ஓடினால் நிறுத்துவது நெட்வொர்க்குக்கு நட்டம். 1998இல் ‘ஈஆர்’ தொடரைத் தக்கவைக்க என்பிசி எபிசோடு ஒன்றுக்குச் சுமார் 1.3 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. 1994இல் தொடங்கிய அந்த மருத்துவமனைக் கதை, தொடக்கத்தில் இருந்த முக்கிய நடிகர்கள் ஒவ்வொருவராகப் போன பின்னும், 2009 வரை 331 எபிசோடுகள் நீண்டது. ‘லா அண்ட் ஆர்டர்’ 1990இலிருந்து இருபது சீசன் ஓடி 456 எபிசோடுகளை எட்டியது.

ஆக, நெட்வொர்க் தொடருக்கு இயல்பான முடிவு என்று ஒன்று கிடையாது. பார்வையாளர் குறைந்தால் கதை நடுவில் வெட்டப்படும். குறையாவிட்டால் கதை தீர்ந்த பிறகும் ஓடும். இந்தச் சூழலுக்கு ஏற்ற கதைவடிவம் எது என்று யோசித்தால் காவல் நிலையமும் மருத்துவமனையும் வழக்கறிஞர் அலுவலகமும் ஏன் நெட்வொர்க்கை ஆண்டன என்பது விளங்கும். அந்த இடங்களில் கதவு திறந்தபடியே இருக்கிறது. வாரம் ஒரு பிணம், ஒரு நோயாளி, ஒரு கட்சிக்காரர். வந்தவர் கதை அன்றிரவே முடியும். இருப்பவர் கதை முடியவே முடியாது.

அந்த உழைப்பின் வேகத்தையும் சொல்ல வேண்டும். ஜூலையில் தொடங்கி அடுத்த ஏப்ரல் வரை படப்பிடிப்பு. எபிசோடு ஒன்றுக்கு எட்டு நாள் அளவில்தான் கிடைக்கும். ஒன்று ஒளிபரப்பாகும்போது இன்னொன்று எடிட்டிங்கில், மூன்றாவது படப்பிடிப்பில், நான்காவது எழுத்தாளர் அறையின் பலகையில் இருக்கும். ஒரு மணி நேர இடத்தில் விளம்பரம் போகக் கதைக்குக் கிடைப்பது 42 நிமிடம் அளவில். அதையும் நான்கைந்து துண்டாக வகுத்து, ஒவ்வொரு துண்டின் கடைசியிலும் ஒரு திடுக்கிடலை வைத்து, விளம்பரம் முடியும்வரை ஆளைப் பிடித்துவைக்க வேண்டும். ‘தி வெஸ்ட் விங்’ தொடரின் முதல் நான்கு சீசன்களில் பெரும்பகுதியை ஆரன் சார்க்கின் ஒருவரே இந்த வேகத்தில் எழுதினார். சிறந்த நாடகத் தொடருக்கான எம்மி விருது அந்த நான்கு ஆண்டும் அதற்கே கிடைத்தது. நான்காம் சீசனோடு அவர் விலகிப் போனார். தொடர் அவரில்லாமல் இன்னும் மூன்று ஆண்டு நடந்தது.

தணிக்கை ஒரு பொருட்டே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. வானலை பொதுச்சொத்து என்பதால் மத்திய தகவல் தொடர்பு ஆணையத்தின் ஆபாசத் தடை நெட்வொர்க்குகளுக்கு உண்டு. காலை 6 மணி முதல் இரவு 10 மணிவரை கெடுபிடி. எந்நேரமும் வீட்டுக்குள் நுழைந்து குழந்தைகளை எட்டிவிடுகிற ஊடகம் என்ற காரணத்தால் இந்தக் கட்டுப்பாடு செல்லும் என்று 1978இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கேபிளுக்கு அது பொருந்தாது. 1993இல் ‘என்ஒய்பிடி ப்ளூ’ கொஞ்சம் வசையும் கொஞ்சம் உடலும் காட்டத் துணிந்தபோது, ஏபிசியின் சொந்தக் கூட்டாளி நிலையங்களில் 57 அதன் முதல் எபிசோடை ஒளிபரப்ப மறுத்தன. ஆனால் அந்தத் தொடர் பன்னிரண்டு சீசன் ஓடியது. சுவர் இருந்தது, அதில் கதவும் இருந்தது.

நெட்வொர்க்கால் துணிய முடியாது என்ற பேச்சை நான் ஏற்காததற்குப் பெரிய காரணம் பால்டிமோர் நகரம். அந்த ஊர் நாளிதழின் நிருபர் டேவிட் சைமன், கொலைப்பிரிவுக் காவலர்களோடு ஓராண்டு இருந்து எழுதிய நூலிலிருந்து, 1993இல் என்பிசி ‘ஹோமிசைட்’ என்ற தொடரை உருவாக்கியது. அதன் முதல் சீசனில் ஒரு சிறுமியின் கொலைவழக்கு வருகிறது. சந்தேகப்படும் முதியவரை இரண்டு காவலர்கள் விசாரணை அறைக்குள் உட்காரவைத்துப் பேசுகிறார்கள். ஏறக்குறைய முழு எபிசோடும் அந்த அறைதான்: மூன்று பேர், ஒரு மேசை. ஆண்ட்ரே பிராவர், கைல் செகார், முதியவராக மோசஸ் கன். இறுதியில் உண்மை தெரிவதில்லை. கொலையாளி யார் என்று தொடர் ஒருபோதும் சொல்லவுமில்லை. விளம்பரத் துண்டுகளுக்கு நடுவே, வானலையில், காசில்லாமல் வீடுதோறும் போன நாடகம் இது. எழுதிய டாம் ஃபோன்டானாவுக்கு எம்மி கிடைத்தது. கேபிள் பொற்காலம் பற்றிப் பேசும் எவரும் முதலில் இந்த ஓர் எபிசோடைப் பார்த்துவிட்டுப் பேச வேண்டும் என்பது என் விருப்பம்.

ஆனால் மறுபக்கமும் அதே தொடரில் இருக்கிறது. மனைவி சுட்டுக் கொல்லப்படுவதைக் கண்ணெதிரே கண்ட ஒரு சுற்றுலாப் பயணியின் கதையைச் சைமனும் டேவிட் மில்ஸும் எழுதினார்கள். இவ்வளவு இருட்டு ஆகாது என்று என்பிசி தயங்கியது. அந்தக் கணவனாக நடிக்க ராபின் வில்லியம்ஸ் இசைந்த பிறகே, 1994இல் அது வெளிவந்தது. கதையின் கனத்துக்கு ஒரு நட்சத்திரம் பிணை நிற்க வேண்டியிருந்தது. பார்வையாளர் எண்ணிக்கையில் தொடர் ஆண்டுதோறும் தள்ளாடி, 122 எபிசோடுகளோடு 1999இல் நின்றது.

சைமன் அதே பால்டிமோரை எடுத்துக்கொண்டு எச்பிஓவுக்குப் போனார். கொலைப்பிரிவுக் காவலராகவும் பின்னர் பள்ளி ஆசிரியராகவும் இருந்த எட் பர்ன்ஸ் கூடவே இருந்தார். 2002இல் தொடங்கிய ‘தி வயர்’ முதல் சீசன் முழுவதிலும், 13 எபிசோடுகளிலும், ஒரே ஒரு வழக்குதான். இந்தக் கணக்கில்தான் வேறுபாடு வெளிப்படையாகத் தெரிகிறது. ‘ஹோமிசைட்’ ஓர் அறைக்குள் ஏறக்குறைய ஒரு முழு எபிசோடு தங்கத் துணிந்தது. ‘தி வயர்’ ஓர் ஒட்டுக்கேட்பு அனுமதிக்காகக் காவலர்கள் நடையாய் நடப்பதை வாரக்கணக்கில் காட்டத் துணிந்தது. இரண்டாம் சீசன் இன்னும் மேலே போனது. பார்வையாளர்கள் பழகிப் பிரியம் வைத்த தெருமுனைப் பையன்களை ஓரமாக ஒதுக்கிவிட்டுத் துறைமுகத் தொழிலாளர்களின் கதைக்குப் போனது. நான்காம் சீசனில் பள்ளிக்கூடம். கூட்டம் சேர்ந்த கடையை மூடிவிட்டு வேறு தெருவில் புதுக்கடை திறக்கும் வேலை இது. பார்வையாளர் தலையை எண்ணி விளம்பரம் விற்கும் சேனல் இதற்கு ஒப்பவே ஒப்பாது.

எச்பிஓ ஒப்பியதற்குக் காரணம் அதன் நல்ல மனம் மட்டுமன்று. சந்தா கட்டுகிறவர் ஒரு தொடருக்காக மட்டும் கட்டுவதில்லை. குத்துச்சண்டைக்கு ஒருவர், திரைப்படத்துக்கு ஒருவர், ‘தி வயர்’ தொடருக்கு ஒருவர் என்று இருந்தால் போதும். எவரும் சந்தாவை நிறுத்தாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். குறைவான பேர் உயிராக நேசிக்கும் தொடர், நிறையப் பேர் சும்மா பார்த்துவைக்கும் தொடரைவிட அங்கே பெறுமதி வாய்ந்தது. அப்படியும் மூன்றாம் சீசனோடு நிறுத்திவிடும் பேச்சு வந்தது. சைமன் போய் மீதிக் கதையைச் சொல்லி மன்றாடினார். 2004 டிசம்பரில் நின்ற கதை 2006 செப்டம்பரில்தான் திரும்பி வந்தது. 60 எபிசோடுகளில் முடிந்தது. ஒரு எம்மிகூடக் கிடைக்கவில்லை.

கேபிளின் பெரிய பெயர்கள் அநேகமாக எல்லாமே நெட்வொர்க் பட்டறையில் தீட்டப்பட்டவை. 1981இல் என்பிசியில் வந்த ‘ஹில் ஸ்ட்ரீட் ப்ளூஸ்’ ஒரே எபிசோடில் பல கதைகளைப் பின்னி, அவற்றை வாரங்களுக்கு நீட்டி எழுதும் முறையைப் போலீஸ் தொடருக்குக் கொண்டுவந்தது. பார்வையாளர் குறைவு, முதல் சீசனிலேயே எட்டு எம்மி. அதே தயாரிப்பு நிறுவனத்தின் ‘செயின்ட் எல்ஸ்வேர்’ தொடரில் எழுதக் கற்ற ஃபோன்டானாதான் 1997இல் எச்பிஓவின் முதல் ஒரு மணி நேர நாடகத் தொடரான ‘ஆஸ்’ சிறைக்கதையைப் படைத்தார். சேஸ் இருபது ஆண்டுக்கு மேல் நெட்வொர்க்குகளுக்கு எழுதியவர். ‘சொப்ரானோஸ்’ கதையை முதலில் ஃபாக்ஸுக்குத்தான் கொண்டுபோனார், அங்கே வேண்டாம் என்றார்கள். ‘பிரேக்கிங் பேட்’ தந்த வின்ஸ் கில்லிகன் ஃபாக்ஸின் ‘எக்ஸ் ஃபைல்ஸ்’ தொடரில் ஆண்டுக்கணக்கில் பாடுபட்டவர். வாரம் ஒரு கதையை முடித்துக் காட்டத் தெரிந்தவர்கள் என்பதால்தான் 13 வாரத்துக்கு ஒரு கதையை நீட்டும்போதும் அவர்கள் கையில் ஒவ்வொரு மணியும் தனிநாடகமாக நின்றது.

‘சொப்ரானோஸ்’ ஐந்தாம் எபிசோடு இதற்கு உதாரணம். மகளைக் கல்லூரிகள் பார்க்க அழைத்துச் செல்லும் நாயகன் டோனி, வழியில் பழைய காட்டிக்கொடுப்பவன் ஒருவனைக் கண்டு, தன் கையாலேயே கழுத்தை நெரித்துக் கொல்கிறான். நாயகன்மேல் இருக்கும் பரிவு போய்விடுமே என்று எச்பிஓ அதிகாரி கிறிஸ் ஆல்ப்ரெக்ட் அஞ்சினார். கொல்லாவிட்டால்தான் அவனை நம்ப மாட்டார்கள் என்று சேஸ் நின்றார். கேபிளிலும் தயக்கம் இருந்தது என்பதே இதில் எனக்கு முக்கியம். எழுதியவர் வென்றார். 2004இல் சிறந்த நாடகத் தொடருக்கான எம்மியை வென்ற முதல் கேபிள் தொடர் அதுவே.

அடிப்படைக் கேபிளின் கதை வேறு. ஏஎம்சிக்கு வேண்டியிருந்தது பெயர். தன்னை எந்தக் கேபிள் நிறுவனமும் தொகுப்பிலிருந்து நீக்கத் துணியாதபடி, பேசப்படும் தொடர் ஒன்று வேண்டும். அதனால் எச்பிஓ எடுக்காமல் விட்ட ‘மேட் மென்’ தொடரும், எஃப்எக்ஸ் எடுக்காமல் விட்ட ‘பிரேக்கிங் பேட்’ தொடரும் அங்கே வந்தன. பணம் குறைவு. ‘பிரேக்கிங் பேட்’ மூன்றாம் சீசனில் கைக்காசு தீர்ந்தபோது, ஒரு முழு எபிசோடையும் ஆய்வகத்துக்குள்ளேயே வைத்து, ஓர் ஈயைத் துரத்தும் இரண்டு பேரைக் கொண்டு எடுத்தார்கள். நாயகன் வால்ட்டர் வைட்டின் குற்றவுணர்வு அதில்தான் முதன்முறையாக வாய்வரை வந்து நின்றுபோகிறது. 62 எபிசோடில் கில்லிகன் முடித்தார். தொடக்கத்தில் 14 லட்சம் பேர் பார்த்த தொடரின் கடைசி எபிசோடை 2013இல் ஒரு கோடிக்கு மேல் பார்த்தார்கள். நெட்வொர்க்காக இருந்தால் அந்த எண்ணிக்கையைக் கண்டபின் விட்டிருக்குமா?

ஒரே தொடரை இரண்டு ஏற்பாட்டிலும் வைத்துப் பார்க்கும் வாய்ப்பு அரிதாகக் கிடைத்தது. ‘ஃப்ரைடே நைட் லைட்ஸ்’, டெக்சஸின் சிற்றூர் ஒன்றில் பள்ளி அமெரிக்க ஃபுட்பால் அணியைச் சுற்றிய கதை. 2006இல் என்பிசியில் 22 எபிசோடுகளோடு தொடங்கியது. ஒத்திகை இல்லை, நடிகர் நிற்க வேண்டிய இடம் தரையில் குறிக்கப்படுவதில்லை, மூன்று கேமராக்கள் கைப்பிடியில் சுற்றிவரும். பாராட்டு மிகுதி, பார்ப்பவர் குறைவு. இரண்டாம் சீசனில் திடீரென்று ஒரு கொலை வந்தது. அமைதியான பையன் ஒருவன் ஆளைக் கொன்று ஆற்றில் போடுகிறான். அந்த ஊருக்கும் அந்தப் பையனுக்கும் துளியும் ஒட்டாத கதை. 2008இல் டைரக்டிவி என்ற செயற்கைக்கோள் சந்தா நிறுவனம் செலவில் பங்கேற்க முன்வந்தது: சீசனுக்கு 13 எபிசோடு, முதலில் தன் சந்தாதாரர்களுக்கு, பிறகு என்பிசியில். கொலையைப் பற்றிய பேச்சே அதன்பின் எழவில்லை. நான்காம் சீசனில் பயிற்சியாளர் வேலை இழந்து, ஊரின் ஏழைப் பகுதியில் புல்லில்லாத மைதானத்தில், அநேகமாகப் புதிய பையன்களோடு முதலிலிருந்து தொடங்குகிறார். ‘தி வயர்’ துறைமுகத்துக்குப் போனதைப் போன்ற துணிவு. அந்தப் புதிய பையன்களில் முதன்மையானவராக வரும் மைக்கேல் பி. ஜோர்டான்தான் ‘தி வயர்’ முதல் சீசனில் சிறுவன் வாலஸாக வந்து நம்மை அழவைத்தவர். தொடர் 76 எபிசோடில், 2011இல், தன் நிறைவோடு முடிந்தது. எழுத்துக்கும், பயிற்சியாளராக வந்த கைல் சாண்ட்லரின் நடிப்புக்கும் அந்த ஆண்டு எம்மி கிடைத்தது. பயிற்சியாளராக நடித்தவர் அவரே, நடத்தியவரும் அதே ஜேசன் கேட்டிம்ஸ். மாறியது பணம் வரும் வழியும் எபிசோடு எண்ணிக்கையும்தான்.

இவ்வளவும் சொன்ன பிறகும் 22 எபிசோடு என்பதைச் சுமை என்று மட்டும் என்னால் எழுத முடியவில்லை. 2009 முதல் 2016 வரை சிபிஎஸ்ஸில் வந்த ‘தி குட் வைஃப்’ 156 எபிசோடு கொண்டது. ராபர்ட் கிங், மிஷெல் கிங் தம்பதியர் வாரம் ஒரு வழக்கையும் அதனூடே நாயகி அலீசியா ஃப்ளோரிக்கின் வாழ்க்கையையும் நடத்திச் சென்றார்கள். நீளம் அவர்களுக்கு ஓர் ஊரையே தந்தது. தனித்தனிக் கிறுக்குள்ள நீதிபதிகள், எதிர்த்தரப்பு வக்கீல்கள் என்று நியூயார்க் நாடகமேடை நடிகர்கள் பலர் வந்து போவார்கள். ஓராண்டு கழித்து அதே நீதிபதி திரும்பி வரும்போது நமக்குத் தெரிந்தவரைப் பார்த்ததுபோல இருக்கும். 2014இல் கதையின் முக்கிய மனிதர் ஒருவர் நீதிமன்றத்தில் சுடப்பட்டு இறந்தபோது விழுந்த அடி அத்தனை வலித்தது, நூறு வாரத்துக்கு மேல் அவரோடு வாழ்ந்திருந்ததால். பத்து எபிசோடில் அந்தப் பழக்கம் உண்டாகாது.

இன்னொன்று, தொழில் கற்பது. நெட்வொர்க் எழுத்தாளர் அறையில் ஆண்டின் பெரும்பகுதி வேலை இருந்தது. தான் எழுதிய எபிசோடின் படப்பிடிப்புக்குப் போய், வசனம் நடிகர் வாயில் உடைவதைப் பார்த்து, அங்கேயே திருத்தி, இளையவர் மூத்தவரானார். கேபிள் அந்த 22 எபிசோடை 13 ஆக்கியது. பின்வந்த ஸ்ட்ரீமிங் நிறுவனங்கள் பத்து, எட்டு என்று குறைத்தன. சிறு குழு சில வாரம் கூடி எழுதிவிட்டுக் கலைந்துவிடும். படப்பிடிப்பு நடக்கும்போது அவர்கள் வேறு வேலை தேடிக்கொண்டிருப்பார்கள். 2023 மே 2 முதல் 148 நாள் நடந்த எழுத்தாளர் வேலைநிறுத்தத்தில், ஓர் அறையில் குறைந்தது இத்தனை பேர், இத்தனை வாரம் என்ற கோரிக்கை முன்வரிசையில் நின்றது இதனால்தான். கேபிள் தந்த விடுதலையைக் கொண்டாடும்போது இந்த இழப்பை விட்டுவிட்டு எழுதுவது நேர்மையாகாது.

2025 ஜனவரியில் ‘தி பிட்’ வந்தது. ‘ஈஆர்’ தொடரை நடத்திய ஜான் வெல்ஸ், அதில் எழுதிய ஸ்காட் ஜெம்மில், அதில் இளம் மருத்துவராக வந்த நோவா வைல் மூவரும் சேர்ந்து, எச்பிஓவின் சகோதரத் தளமாக அப்போது மேக்ஸ் என்ற பெயரில் இருந்ததில் செய்தது. பிட்ஸ்பர்க் நகர அவசர சிகிச்சைப் பிரிவில் ஒரே ஒரு பணிமுறை. 15 எபிசோடு, ஒவ்வொன்றும் அந்த நாளின் ஒரு மணி நேரம். ஒரே பெரிய செட், ஸ்ட்ரீமிங் தொடர்களின் கணக்கில் சிக்கனமான செலவு, வாரம் ஒன்றாக வெளியீடு. கதவு திறந்தபடி இருக்கிறது, நோயாளிகள் வருகிறார்கள், போகிறார்கள். ஆனால் பதினைந்தாம் மணியில் பணி முடிகிறது. மருத்துவர்கள் வெளியே வந்து இருட்டில் பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து பீர் திறக்கிறார்கள். அந்த ஆண்டு சிறந்த நாடகத் தொடருக்கான எம்மி அதற்குக் கிடைத்தது. இரண்டாண்டு காக்கவைக்காமல், அடுத்த ஜனவரியிலேயே அடுத்த பணிமுறை தொடங்கியது.